கூரை விளிம்பு

வில்ஃபின் சவப்பெட்டி பக்கவாட்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, கூரை விளிம்பிலிருந்து முட்டைப் பருமனில் ஒரு சாந்துக்கட்டி விழுந்து மூடியின்மேல் டொக்கென்று தட்டியது. தூக்கிவந்த ஆறு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெட்டிக்குள்ளிருந்து பதில் இல்லை. வந்திருந்தால், "ஏணியை எடு" என்றுதான் வந்திருக்கும் என்று அவர் மனைவி டோரீன் நினைத்துக்கொண்டாள்.

யார்க்‌ஷயரின் அந்த மேட்டுத் தெருவில் வீசும் காற்று சாமானியமானதல்ல. ஒருமுறை பாதிரியாரின் பல்செட்டைக் கொட்டாவிக்கு நடுவில் பறித்துக்கொண்டு போய், இறைச்சிக்கடைக்காரர் வாயில் பொருத்திவிட்டது. அளவு சரியாக இருந்ததால் அவரும் திருப்பித் தரவில்லை. அந்தக் காற்று ஓரத்து ஓடுகளைப் பிடித்திருந்த சாந்தை ஆண்டுதோறும் பெயர்க்கும். வில்ஃப் ஆண்டுதோறும் ஏறிப் பூசுவார். சிமெண்ட் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது அவர் கட்சி. கூடியது வெடிப்புதான். கீழே ஏணியைப் பிடித்தபடி டோரீன் கண்ணை மூடிக்கொள்வாள். மூடிய கண்ணுக்குள் அவர் விழுந்துகொண்டே இருப்பார்.

கடைசியில் அவர் தூக்கத்திலேயே போனார். காலையில் இரண்டு கோப்பைத் தேநீரோடு போனவள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தையில்தான் கிடந்தார். "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பிறகு வெட்கப்பட்டு, இரண்டு தேநீரையும் அவளே குடித்தாள்.

கல்லறையிலிருந்து திரும்பி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், கூரைவேலைக்காரன் கெல்வின் டோரீன் அருகில் வந்தான். வில்ஃப் உடம்பு முடியாமல் படுத்த வாரத்தில் அவள் வரவழைத்தவன். பாதிச் சாந்தை உடைத்ததோடு வேலை நின்றிருந்தது.

"நேரங்கெட்ட நேரந்தான் அக்கா. ராத்திரி பெருங்காத்து வருதாம். ஓரத்து ஓடெல்லாம் சும்மா உக்காந்திருக்கு. பழையபடி சாந்து பூசணுமா, இல்ல பிளாஸ்டிக் உறை மாட்டட்டுமா? இப்பவே சொல்லுங்க."

"உறைன்னா?"

"ஒவ்வொரு ஓட்டு நுனியிலயும் மாட்டி, கட்டையில திருகாணி முடுக்கிருவேன். அப்புறம் வருஷா வருஷம் மேல ஏறுற பேச்சே இல்ல."

"பிளாஸ்டிக்கா?" வில்ஃபின் அக்கா ஐவிக்குக் காது கேட்காது என்று ஊரே நம்பியிருந்தது. "என் தம்பி இன்னும் குழியில சரியா சாஞ்சுகூடப் படுக்கல. எதிர்வீட்டுக்காரி கூரையப் பாரு, ஐஸ்கிரீம் டப்பா மூடிய வரிசையா கவுத்து வச்ச மாதிரி!"

"மூடியா இருந்தாலும் அவ ஓடு அவ கூரையிலதான் இருக்கு, அண்ணி."

அப்போது மகன் கிரஹாம் உள்ளே வந்தான். கையில் அப்பாவின் பூச்சுக் கரண்டி. தரைவிரிப்பில் கால் தடுக்கி, மேசையைப் பிடித்து நிமிர்ந்தான்.

"சாந்தே இருக்கட்டும்மா. இனிமே வருஷா வருஷம் நான் வந்து ஏறிப் பூசிடறேன், அப்பா மாதிரியே. நீ சும்மா ஏணிய மட்டும் பிடிச்சுக்கோ."

டோரீன் அவன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அவனைத் தடுக்கிய விரிப்பைப் பார்த்தாள்.

"உறையே மாட்டு, கெல்வின்."

"அம்மா..."

"என்ன நெறம் வேணும் அக்கா?"

"எது கைவசம் இருக்கு?"

"வண்டியில கறுப்புதான்."

"இன்னிக்கு அதுதான் மரியாதை."

"வில்ஃப் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?" என்றாள் ஐவி.

"ராத்திரி வரைக்கும் சொல்லிட்டே இருந்திருப்பாரு, அண்ணி. ஓடெல்லாம் பறந்திருக்கும்."

ஐவி தன் எதிர்ப்பைத் தெரிவிக்க இன்னொரு பன்றியிறைச்சி சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கெல்வின் கறுப்பு டையைச் சட்டைப் பொத்தான்களுக்கிடையே செருகிக்கொண்டு, சுவரோரம் கட்டியிருந்த சாரத்தில் ஏறி நின்றான். உறைகள் ஒவ்வொன்றாக ஏறின. கிரஹாம் கீழே அண்ணாந்து நின்றான்.

"நானும் மேல வரட்டுமா?"

"உனக்கு இங்க வேலையே இல்லப்பா!"

டோரீன் வாசலுக்கு வந்தாள். காலை மழையில் புல்தரை ஊறிப்போயிருந்தது. கிரஹாமின் புதுக் கறுப்பு ஷூ இரண்டும் கணுக்கால்வரை சேற்றில் புதைந்திருந்தன. வேறொரு நாளாக இருந்தால் கத்தியிருப்பாள். இன்று கதவில் சாய்ந்து, கண்ணை மூடாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.