மலை யார் தலையில்

அந்த மலையைப் பச்சையாக்கியது அவள்தான். மரம் நட்டு அல்ல, மவுஸை ஒரு தட்டுத் தட்டி.

மலையைக் குடைந்து, ஆற்றை அந்தச் சுரங்கத்துக்குள் திருப்பி, மின்சாரம் எடுக்கும் திட்டம். கடல் கடந்த நாடுகளின் பென்ஷன் பணத்தைத் திரட்டி அதில் போட்டிருந்த முதலீட்டு நிறுவனத்தில் அவள் ரிஸ்க் ஆபீசர். திட்டத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளையெல்லாம் ஒரு பெரிய அட்டவணையில் அடுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் கொடுப்பது அவள் வேலை. பச்சை என்றால் பணம் போகும். மஞ்சள் என்றால் இழுத்தடித்துப் போகும். சிவப்பு என்றால் போகவே போகாது. சேர்ந்த புதிதில் கண்ணில் பட்டதற்கெல்லாம் சிவப்படித்ததால் ஆபீசில் அவளுக்கு ‘சிவப்பு மேடம்’ என்று பெயர் விழுந்திருந்தது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பழக்கம்தான் மெல்ல விட்டுப்போனது.

ஏனென்றால் அந்த ஆபீசுக்கென்று ஒரு வழி இருந்தது. ஆபத்தைக் குறைக்க யாரும் மெனக்கெட வேண்டாம். அதை ஏற்றுக்கொள்ள ஓர் ஆளைப் பிடித்துவிட்டால் போதும், கட்டம் பச்சை. ‘மாத்தியாச்சு’ என்பார்கள். மாற்றிய ஆபத்து அதற்கப்புறம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வீட்டுக் குப்பை மாதிரி.

சுரங்க வாசலுக்கு மேலே நின்ற மலைச்சரிவுதான் கடைசியாகப் பாக்கி இருந்த சிவப்பு. மழையில் மண் இளகினால் வேலை நிற்கும், நாள் தள்ளிப்போகும், வட்டி ஏறும். அவள் யோசித்து ஒரு வரி எழுதினாள்: ‘சரிவினால் ஏற்படும் தாமதம் முழுவதும் வேலை செய்பவரின் பொறுப்பு.’ பெரிய கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கூட்டத்தில் கைதட்டினார்கள். டைரக்டர் அவள் நாற்காலிவரை வந்து, “இப்பத்தான் நீங்க எங்க ஆளு” என்றார்.

கான்ட்ராக்டர் ஏன் சிரித்தார் என்று அவள் யோசிக்கவில்லை. அது புரிய ஒரு போன் வர வேண்டியிருந்தது.

“அண்ணி, பேசலாமா? வேலையா இருக்கீங்களா?”

தம்பி மனைவி. சாதாரணமாக வாட்ஸப்பில் குழந்தைகள் படம் அனுப்புவதோடு சரி.

“உங்க தம்பி வீட்டுக்கே வர்றதில்ல அண்ணி. சைட்டே கதின்னு கிடக்கறாரு. மேல மலைல விரிசல் விட்டிருக்காம். டிரைவரோட சம்சாரம் சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டா, ‘நீ சீரியலைப் பாரு’ங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு.”

“எந்த சைட்டு?”

“சுரங்க வேலைதான். வாசல் பக்கத்து மண்ணையெல்லாம் இவர்தான வெட்டறாரு. பெரிய கான்ட்ராக்டர்கிட்டேர்ந்து சப் கான்ட்ராக்ட்.”

மலைப்பக்கம் பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்று தம்பி சொன்னபோது, எங்கோ ரோடு போடுகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். எந்த மலை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

தம்பியை அழைத்தாள். பின்னால் மண் வெட்டும் பொக்லைன் உறுமியது.

“சொல்லுக்கா. என்ன அதிசயம், ஆபீஸ் நேரத்துல?”

“விரிசல் எவ்வளவு அகலம்?”

“ஓ, வீட்டம்மா ரிப்போர்ட் குடுத்தாச்சா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா.”

“கை நுழையும். முன்னாடி விரல்தான் போச்சு. சிமென்ட்டைக் கரைச்சு ஊத்தி, மேல தார்ப்பாய் போர்த்திட்டுப் போயிருக்காங்க. மலைக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாதில்ல.”

“ஆளுங்களை வெளிய கூப்பிடு. வேலையை நிறுத்து.”

“நிறுத்திட்டு? நாள் தவறினா அபராதம் என் தலைல. இருக்கறது ரெண்டு பொக்லைன், ரெண்டும் லோன்ல ஓடுது. மலை விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். அபராதம் அப்படியில்லக்கா. கண்டிப்பா விழும்.”

“அப்படி யார் சொன்னது?”

“‘சரிவினால் ஏற்படும் தாமதம் முழுவதும் வேலை செய்பவரின் பொறுப்பு.’ எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. எவனோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருக்கான். தேடிப் பார்த்தாச்சு, ஒரு ஓட்டை இல்ல.”

ஓர் எழுத்து மாறவில்லை. அவள் மேலே இருந்து தள்ளிவிட்டது படிப்படியாக உருண்டு, இனிமேல் தள்ளிவிட ஆளில்லாத ஆளின் காலடியில் போய் நின்றிருந்தது.

“நான்தான்டா எழுதினேன்.”

அந்தப் பக்கம் அவன் பொக்லைனை விட்டு ஒதுங்கி நடப்பது கேட்டது.

“அப்ப ஓட்டை இருக்காதுதான்” என்றான் தம்பி. போனை வைத்துவிட்டான்.

அவள் நேரே டைரக்டர் அறைக்குப் போனாள்.

“சார், சரிவைத் திரும்பச் சிவப்பாக்கணும். தாமதத்தை நாமளே ஏத்துக்கலாம். அபராதம் இல்லேன்னாதான் வேலையை நிறுத்தற தைரியம் அவங்களுக்கு வரும்.”

டைரக்டர் கெட்ட மனிதர் இல்லை. இந்தத் திட்டத்துக்காக அலைந்தே தலை நரைத்தவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“மத்தியானம் கமிட்டி. இந்தத் தவணைப் பணம் போகலேன்னா மத்த பாங்க்காரன் எல்லாம் பின்வாங்குவான். சுரங்கம் பாதியில நிக்கும். அப்புறம் அது வௌவாலுக்குத்தான் ஆகும். திடீர்னு என்ன ஆச்சு உங்களுக்கு?”

“விரிசல் பெருசாயிட்டே போகுது. என் தம்பி அங்கதான் வேலை பாக்கறான்.”

“அப்ப நீங்க இதுல வாயே திறக்கக் கூடாதும்மா. சொந்தக்காரன் விவகாரம் ஆயிடும்.” குரலைத் தணித்துக்கொண்டார். “போன்ல கேட்டதை வெச்சு நிறத்தை மாத்த முடியாது. நேர்ல போங்க, பாருங்க, எழுதிக் குடுங்க. அப்புறம் பேசலாம்.”

நியாயமாகத்தான் பட்டது. பிரயாண ஏற்பாடெல்லாம் செய்பவரை ஆபீசில் ‘டிக்கெட் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்டர்காமில் பிடித்தாள்.

“அண்ணே, சுரங்க சைட்டுக்கு ஒரு வண்டி வேணும். உடனே.”

“அங்கயா? ஏன் மேடம், வாழ்க்கை வெறுத்துப்போச்சா?”

“விளையாடாதீங்க.”

“நான் எங்க விளையாடறேன்? மழை ஆரம்பிச்சதுமே நம்ம ஸ்டாஃப் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சர்க்குலர் வந்தாச்சே. மண் சரியற இடம். மீறிப் போனா இன்ஷூரன்ஸ் கிடையாது. மேப்ல பாருங்க, மொத்தமும் சிவப்பு.”

“சர்க்குலர் போட்டது யாரு?”

“வேற யாரு, டைரக்டர்தான். தங்கமான மனுஷன். ஸ்டாஃப்னா உயிர் அவருக்கு.”

அவள் ரிசீவரை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே மலை. இந்த மாடியில் அது பச்சை, கீழ் மாடியில் சிவப்பு. நடுவில் ஒரு லிஃப்ட்.

கமிட்டி கூடியது. தலைமை நாற்காலியில் பாங்கில் ஓய்வு பெற்ற ஓர் அம்மா. காது கொஞ்சம் மந்தம். வேண்டாத பேச்சைத் தவிர்க்க அவருக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. திரையில் அட்டவணை பயிர் விளைந்த வயல் மாதிரி ஒரே பச்சையாக இருந்தது. பக்கத்தில் நிறுவனத்தின் வக்கீல், கொட்டாவியை வாய்க்குள் அடக்கிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். “என் தம்பி சுரங்க வாசல்ல மண் வெட்டற வேலை பாக்கறான். அதனால நிறத்தைப் பத்தி நான் எதுவும் சொல்லல. ஒரு யோசனை மட்டும். தவணைக்கான கையெழுத்தை நாம எல்லாரும் அங்கயே போய்ப் போட்டா என்ன? வாசல் பக்கத்துல ஒரு தகரக் கொட்டகை இருக்கு.”

“டீ கிடைக்குமா?” என்றார் வக்கீல். சிரிப்பு எழுந்தது.

“கிடைக்கும். வண்டி மட்டும் சொல்லணும்.” யாரும் தடுக்கும் முன் மேஜை நடுவிலிருந்த ஸ்பீக்கரில் எண்ணை அழுத்தினாள். “அண்ணே, கமிட்டி மொத்தமும் சுரங்க சைட்டுக்குப் போகணும். வண்டி போடுங்க.”

“மேடம், காலைலதான சொன்னேன்? நீங்க ஒருத்தர் போறதுக்கே வழியில்ல, இதுல கமிட்டியையே கொண்டு போய் மண்ணுக்குள்ள புதைக்கணுமா?” டிக்கெட் அண்ணன் குரல் அறை முழுக்க நிறைந்தது. ஏதோ உறைத்திருக்க வேண்டும். “நான் ஸ்பீக்கர்ல இருக்கேனா?”

அவள் ஸ்பீக்கரை அணைத்தாள்.

தலைமை அம்மாவுக்கு இது மட்டும் நன்றாகக் கேட்டிருந்தது. “நாம போகக் கூடாத இடம் எப்படிப் பச்சையா இருக்கு?”

“மேடம், அது ஸ்டாஃப் பாதுகாப்பு, இது முதலீட்டு ரிஸ்க்” என்றார் டைரக்டர். “ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்.”

“மலை ஒண்ணுதான?”

டைரக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அம்மா பேனாவை மூடினார். “சிவப்புப் போடுங்க. வேலை நிக்கட்டும். தாமதம் நம்ம கணக்குல.”

அன்று சாயங்காலம் தம்பியிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. ‘நிறுத்தியாச்சு.’

கதை இங்கே முடிந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். முடியவில்லை. மலை விழவில்லை.

மழை கொட்டியது, ஆறு புரண்டது, மலை அசையவில்லை. பொக்லைன் இரண்டும் சும்மா நின்று துருவேறின. அபராதம் இல்லை, சம்பாத்தியமும் இல்லை. லோன்காரன் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். தம்பி மனைவி குழந்தைகள் படம் அனுப்புவதை விட்டு ரோட்டில் நின்று எடுத்த மலையின் படம் அனுப்ப ஆரம்பித்தாள். தார்ப்பாய், அதே விரிசல், கீழே ஒரு வரி: ‘அப்படியேதான் இருக்கு அண்ணி.’ அதில் நன்றியா குத்தலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆபீசில் லிஃப்ட்டுக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஒரு நாள் காலையில் படத்தைத் திறந்தபோது மலை முழுசாக நிற்பதைக் கண்டு மனசுக்குள் ஏதோ சப்பென்று போனது. அது ஏமாற்றம் என்று புரிந்ததும் அவளுக்குத் தன்னைக் கண்டே கூசியது. விழ வேண்டும் என்றா காத்திருக்கிறோம்?

அப்போதுதான் இன்டர்காம் அடித்தது.

“மேடம், நல்ல சேதி” என்றார் டிக்கெட் அண்ணன். “சுரங்க ரோட்டுக்குத் தடையை எடுத்துட்டாங்க. இப்பப் பச்சை.”

“மலையில ஏதாவது பண்ணினாங்களா? கம்பி, வலை, சுவரு?”

“மலையில இல்ல மேடம். சர்க்குலர்ல.”

விசாரித்தாள். இரண்டு நிறமும் முரண்படுகின்றன என்பதுதானே கமிட்டியின் ஆட்சேபம்? டைரக்டர் சர்க்குலரையும் பச்சையாக்கி முரண்பாட்டைச் சரி செய்துவிட்டார். தலைமை அம்மா கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவள் எழுதிய வரி பழையபடி உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டது. நாளைக் காலை வேலை ஆரம்பம்.

“வண்டி சொல்லட்டுமா? கமிட்டி மொத்தத்துக்குமா?” டிக்கெட் அண்ணன் குரலில் கிண்டல் இல்லை.

“எனக்கு மட்டும். காலைல போய்ச் சேரணும். திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.”

அவள் போய் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. செம்மண் குழம்பு செருப்பை விழுங்கியது. கொட்டகையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, தார்ப்பாய்க்கு நேர் கீழே, பொக்லைன் வேலை செய்யும் இடத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடியில் விரித்து, போனை நாற்காலி ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

ரப்பர் பூட்ஸோடு தம்பி ஓடி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. “இங்க எதுக்குக்கா வந்தே?”

“ஆபீஸ் வேலையா. என் டேபிளை இங்க மாத்திக்கிட்டேன்.”

“எழுந்திரு.”

“ஏன், பச்சைதான?”

“அக்கா, எழுந்திரு. ஆளுங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நீ மெஷினை ஓட்டு. ஓட்டற வரைக்கும் நான் இங்கதான்.”

அவன் மேலே பார்த்தான். தார்ப்பாய் ஓரத்திலிருந்து கலங்கல் தண்ணீர் கயிறுபோல இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதன் கீழேதான் நின்றிருந்தான், ஆட்களை நிறுத்தியிருந்தான். அப்போதெல்லாம் மேலே பார்க்காமலிருக்கப் பழகியிருந்தான். இப்போது அங்கே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

“எழுதினது நீ. இப்ப வந்து நாற்காலி போட்டா சரியாப் போச்சா?”

“சரியாப் போகாது. எழுதின ஆளு உக்கார வேண்டிய இடம் இதுதான். அன்னிக்கு ரூம் மாறி உக்காந்துட்டேன்.”

பொக்லைன் டிரைவர் கேபினில் இருந்தபடி தம்பியின் சைகைக்காகக் காத்திருந்தார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தம்பி பல்லைக் கடித்து ஏதோ திட்டினான். மலையையா, அவளையா, லோன்காரனையா, தெரியவில்லை. பிறகு கையை உயர்த்தி விரலை மடக்கினான்.

எஞ்சின் அணைந்தது.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. தார்ப்பாய்க்கு அடியில், உள்ளே எங்கோ, பொடிக்கற்கள் சரசரவென்று ஒன்றன்மேல் ஒன்று நகரும் சத்தம். மூட்டையில் ஓட்டை விழுந்து தானியம் ஒழுகுவது மாதிரி. வேலை நடந்த நாட்களில் எஞ்சின் அதைக் கேட்க விடவில்லை. வேலை நின்ற நாட்களில் கேட்க அங்கே ஆள் இல்லை.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் கத்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கிளப்பி, சுரங்க வாசலுக்கு இழுத்துப் போனான். மறு கையால் வாசலின் இரும்புச் சட்டத்தைத் தட்டி, உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். டிரைவர் சாவியை எடுக்காமல் இறங்கினார். கடைசி ஆள் வெளியே வரும்வரை தம்பி வாசலை விட்டு நகரவில்லை, அவன் நகரும்வரை அவளும்.

அவர்கள் ரோட்டு வளைவில் நின்று மூச்சு வாங்கும்போது, பின்னால், காலி நாற்காலியில் விட்டுவிட்டு வந்த அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆபீசாகத்தான் இருக்கும். அடித்து நின்றது, மறுபடி அடித்தது. எடுக்க யாரும் திரும்பிப் போகவில்லை.