கண்ட பங்க்கிலும் நிற்கும் வேன்

என் வண்டி கண்ட பங்க்கிலும் கை நனைக்காது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனி பெட்ரோல்தான். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், ஓசியில் விளம்பரம் செய்ய எனக்கென்ன தலையெழுத்தா? கே.ஜி.கண்டிகையில் என் பவர்லூம் ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தப் பெருமையை ஒரு தரமாவது சொல்லாமல் அனுப்பியதில்லை. "எல்லா பெட்ரோலும் ஒண்ணுதான கண்ணையா" என்று சிலர் சிரிப்பார்கள். அவர்கள் பைக் போடுகிற சத்தத்தைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும்.

இதில் ஒரே ஒரு தொல்லை. என் கம்பெனி பங்க், திருத்தணியிலிருந்து சென்னை ரோட்டில் கனகம்மாசத்திரம் தாண்டினால்தான் வரும். நடுவில் புளியமரத்து பங்க், வளைவு பங்க், ரைஸ்மில் பங்க் என்று மூன்று வேறு கம்பெனிகள். மூன்றையும் ஏறெடுத்தும் பார்க்காமல் போவேன். வாரம் ஒரு முறை திருவள்ளூருக்குப் புடவை பண்டல் போடும் வேலை இருந்ததால் அந்தத் தூரம் பெரிதாகத் தெரியவில்லை.

போன தை மாதம் மெக்கானிக் ஷரீப் பாய் மூலமாகப் பழைய வேன் ஒன்று வாங்கினேன். பாய் என்னை நன்றாகப் படித்து வைத்திருந்தார். "ஒரே கை ஓட்டுன வண்டிண்ணா. உங்க கம்பெனி பெட்ரோல் தவிர வேற எதையும் குடிச்சதில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடியில் பாதி உரிந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. திருத்தணி மலைக்கு ஏற்றிப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

முதல் தடவை திருவள்ளூர் போகும்போதே புளியமரத்து பங்க் வாசலில் இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. வளைவு பங்க் வாசலில் மறுபடி அணைந்தது. அப்புறம் ரைஸ்மில் பங்க். ஓரடி முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை, மூன்றிலும் வண்டி நுழைகிற இடத்தில் சரியாக நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. பங்க்கில் வேலை செய்கிற பெண்கள் என்னைக் கண்டாலே சிரிக்க ஆரம்பித்தார்கள். "வண்டியே கேக்குதுண்ணா, நீங்க ஏன் அடம் புடிச்சிகினு கீறீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஷரீப் பாய் பிளக் மாற்றினார், பில்டர் மாற்றினார், டேங்கைக் கழற்றிக் கழுவினார். ஒன்றும் இல்லை. "அந்த மூணு பங்க்லயும் நிக்குதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் அழுக்கு போன பிறகும் துடைத்தார்.

ஒரு நாள் என் மனைவி நிர்மலா கூட வந்தாள். பின் சீட்டில் உட்கார்ந்தவள், வளைவு பங்க்கில் வண்டி நின்றதும் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

"உள்ள ஒரு குழந்த பேசுதுங்க."

"ரேடியோவா இருக்கும்."

"இந்த வண்டியில ரேடியோ எங்கீது?"

உனக்குக் காதில் கோளாறு என்றேன். அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

சித்திரையில் என் மகள் தீபா பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் வழக்கமாகக் காட்டுகிற டாக்டர் திருவள்ளூரில். வேனின் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை நிர்மலா மடியில் கொடுத்துக் கிளம்பினேன். பெட்ரோல் முள் பாதியில் இருந்தது.

புளியமரத்து பங்க்கில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளப்பினேன். வளைவு பங்க்கில் நின்றது. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். தீபா முனகிக்கொண்டிருந்தாள். ரைஸ்மில் பங்க்கில் நின்றபோது சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை. நான் வாய்க்கு வந்தபடி வைது தீர்த்தேன். மூச்சு வாங்கி நிறுத்தியபோதுதான் அது கேட்டது. என் பிடரிக்குப் பின்னால், ஜன்னல் பக்கமாக, விசில் மாதிரி இழுக்கிற ஒரு மூச்சு. அந்த மூச்சுக்கு நடுவே ஒரு சின்னக் குரல்.

"நைனா... இங்கயே போட்டுடு நைனா."

தீபா என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். கண்ணாடியில் பார்த்தேன். தீபா கால் நீட்டினால் கதவு வரைக்கும் எட்டும். ஆனால் அந்த வலியிலும் காலை மடக்கி வைத்திருந்தாள். சீட்டின் ஓரத்தில் ஓராள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. நிர்மலா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிக் கத்தினேன். இரண்டு பெண்கள் வண்டியைத் தள்ளி உள்ளே கொண்டு போனார்கள். டேங்கைத் திறந்தவள், "ஜீரோ பாத்துக்கோங்கண்ணா" என்று போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள். "அண்ணா, உள்ள சொட்டு கூட இல்லயே. இவ்ளோ தூரம் எப்படி ஓட்டினு வந்தீங்க?"

எட்டிப் பார்த்தேன். காலி டேங்குக்கும் முள் பாதி என்றுதான் காட்டியிருக்கிறது. என் கம்பெனி பங்க் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

பெண் குழந்தை. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் தீபாவிடம் மெல்லக் கேட்டேன், வேனில் ஏன் காலை மடக்கிக்கொண்டாய் என்று. "குழந்த உக்காந்துகினு இருந்துச்சேப்பா" என்றாள், நான்தான் மறந்துவிட்டேன் என்பது போல.

நேராக ஷரீப் பாயிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் அழுதுவிட்டார்.

"சொன்னா வாங்கியிருக்க மாட்டீங்கண்ணா. ராஜகோபால் சாருது வண்டி. அவரும் உங்கள மாதிரிதான், வேற பெட்ரோல் போட மாட்டாரு. பொண்ணு பேரு சினேகா, ஒம்பது வயசு, வீசிங். ஒரு நாள் மூச்சு ரொம்ப இழுத்துச்சுன்னு திருவள்ளூருக்குத் தூக்கினு போனாரு. முள்ளு செவப்புல இருந்துச்சு. சத்திரம் தாண்டி போட்டுக்கலாம்னு மூணு பங்க்கையும் தாண்டிட்டாரு. பங்க்குக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கறப்ப வண்டி நின்னுடுச்சு. நல்ல வெயில். கேன் எடுத்துகினு ஓடியிருக்காரு. திரும்பி வர்றப்ப..."

பாய் அழுக்குத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நானும் இரண்டு பங்க்கைத் தாண்டியவன்தான்.

ராஜகோபால் இப்போது மணவூரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தனியாக இருக்கிறார். எங்கே போவதானாலும் ரயில்தான், வண்டி எதிலும் ஏறுவதில்லை. தேடிப் போய்ப் பார்த்தேன், கன்னத்து எலும்பு தெரிய மெலிந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார், பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சொல்லிச்சு? அப்படியே சொல்லுங்க."

"இங்கயே போட்டுடு நைனான்னு."

"அன்னிக்கும் அதான் சொல்லிச்சு. மூணு பங்க்லயும் சொல்லிச்சு. நம்ம கம்பெனி பங்க் தோ வந்துடும் கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன்." என் மணிக்கட்டை விட்டுவிட்டார். "கேட்டுச்சுங்க எனக்கு. கேக்காம இல்ல."

ஒரே ஒரு தரம் அந்த வேனில் உட்கார வேண்டும் என்று அவராகவே கேட்டார். எனக்குப் பயம்தான். ஆனால் என் பேத்தியின் முகம் கண்ணில் நிற்கும்போது எப்படி மாட்டேன் என்பது? மறுநாள் காலையில் வண்டியை ஷரீப் பாயிடம் கொடுத்து டேங்கை விளிம்பு வரை நிரப்பி வரச் சொன்னேன். எந்தக் கம்பெனி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ரயிலில் வந்து இறங்கிய ராஜகோபாலைத் திருத்தணி ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டேன். முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று பின்னால் ஏறி, ஜன்னலோரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை விரலால் ஒரு முறை தடவினார்.

புளியமரத்து பங்க் வாசலில் இன்ஜின் அணைந்தது.

நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், ராஜகோபால் காலியான ஜன்னலோரத்தின் பக்கம் தலையைச் சாய்த்திருந்தார். "ஆங் கண்ணு. ஆங். இங்கயே போட்டுட்றேன்" என்றார். கதவைத் திறந்து இறங்கி, அவரே தோள் கொடுத்து வண்டியை உள்ளே தள்ளினார். நான் ஸ்டியரிங்கை மட்டும் திருப்பினேன்.

பங்க் பெண் மூடியைத் திறந்து பார்த்தாள். "விளிம்பு வரைக்கும் இருக்குதே சார். எங்க ஊத்தறது?"

ராஜகோபால் அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"ஒரு சொட்டாவது போடும்மா. குழந்த கேக்குது."