ஏலக் கரையில் ஒரு குடை

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த களிம்பைப் போட்டும் அமிர்தத்தின் கன்னத்து மங்கு கறுத்துக்கொண்டே போனது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மறுபடி அவரிடம் போனாள்.

"எப்ப தடவுனீங்க?"

"காலையில, அப்பி அப்பி. அப்புறம் மீன் ஏலத்துக்குப் போயிடுவேங்க."

"நல்லாருக்கு! ராத்திரி படுக்கும்போது, மங்கு மேல மட்டும், மெல்லிசா போடணும். எரிஞ்சா நிறுத்திட்டு வாங்க. பகல்ல வெயில் பட்டா மருந்து வீணு."

"காரைக்கால்மேட்டுக் கரையில நெழலுக்கு எங்கங்க போறது? மொகத்த மூடிக்கிட்டா நான் கேக்குற வெல யாரு காதுலயும் விழல. நேத்து நல்ல வவ்வால் மீன் கைவிட்டுப் போச்சு."

மறுநாள் ஏலத்தில் அவள் புருஷன் மாணிக்கவேல் பின்னால் நின்று கறுப்புக் குடை பிடித்தான்.

"என்ன மாமா, சாமி பொறப்பாடா?" என்று கூட்டம் சிரித்தது.

"ஆமாண்டா, கும்புட்டுட்டு வழி விடு!"

அமிர்தம் முந்தானையை இறக்கிவிட்டு விலை கேட்டாள். வவ்வால் கூடை அவளுக்கே விழுந்தது.

மழைக்காலத்துக்குள் மங்கு பெரும்பாலும் மறைந்துவிட்டது. டாக்டரம்மா களிம்பை நிறுத்தச் சொன்னார். மாணிக்கவேல் மட்டும் குடையோடு வந்து நின்றான்.

"இன்னும் எதுக்குய்யா இது?" என்றாள் அமிர்தம்.

"மருந்தத்தான நிறுத்தச் சொன்னாங்க? நெழல இல்லையே!"