டெரிக்கின் சாவி

டெரிக் செத்து முப்பதாம் நாள். மாலைப் பூசைக்குக் கட்ட ஜானட் கறுப்புச் சேலையை எடுத்தபோது போனில் தகவல் வந்தது. 'டெரிக் புதிய நிரலை ஏற்றினார். நாற்பத்தொரு படகுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.'

ராயபுரம் படகுக்காரர்களுக்கான அந்த எச்சரிக்கைச் செயலி, டெரிக்கும் ஜானட்டும் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து எழுதியது. நிரலை இணையத்தில் உள்ள நிரல் கிடங்கில் ஏற்றினால் போதும். கிடங்கு சர்வரை உசுப்பும், சர்வர் இரண்டே நிமிடத்தில் எல்லாப் படகுகளுக்கும் அனுப்பிவிடும். இப்படியொரு வேலைக்காரன் காசு கொடுத்தாலும் கிடைக்கமாட்டான். ஏற்றுபவரின் சாவி, அதாவது அவருக்கென்று உள்ள ரகசியக் குறியீடு, சரியாக இருந்தால் நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

டெரிக்கின் சாவியை என்றைக்கோ நீக்கியிருக்க வேண்டும். ஆனால் முப்பதாம் நாள் பூசை முடியும்வரை செத்தவர் சாமானைத் தொடக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். அவனுடைய சட்டை, செருப்பு, லேப்டாப் எல்லாம் பீரோவில் பூட்டிக் கிடந்தன. சாவியும் சாமான்தானே என்று ஜானட் விட்டுவைத்தாள். உண்மையில் அவளுக்கு மனசு வரவில்லை.

நிரலில் புதிதாக ஏறிய மாற்றத்தைத் திறந்தாள். ஒரே வரி. 'ஆன்றோ, கரைக்குத் திரும்பு.'

ஆன்றோ அவள் அண்ணன், காலையில் கடலுக்குப் போனவன். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. வானிலை அறிக்கையிலும் ஒன்றுமில்லை. எவனோ சாவியைத் திருடி, செத்தவன் பெயரில் விளையாடுகிறான் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். டெரிக்கின் சாவியையும் நீக்கினாள். நாற்பத்தொரு படகுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆன்றோ கூப்பிட்டான். "இன்னா ஜானட்டு, திரும்புன்னு வந்துச்சு, நானும் திருப்பிக்கினு வந்தேன். இப்போ ஒண்ணுமில்லன்னு கீது?"

"எவனோ பேஜார் பண்றாண்ணா. நீ உன் வேலையப் பாரு."

"சரி, வலையப் போட்டுட்டு வரேன். பூசைக்கு வந்துடுவேன்."

அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது பூட்டிய பீரோவுக்குள் சத்தம் கேட்டது. இரண்டே விரலால், ஆணி அடிப்பதுபோல் விசைகளைத் தட்டும் சத்தம். டெரிக் அப்படித்தான் தட்டுவான்.

போனில் தகவல் வந்தது. 'டெரிக்: சாவி செல்லாது. நிராகரிக்கப்பட்டது.' உடனே மறுபடியும். மறுபடியும். தட்டல் வேகமானது.

ஜானட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. அதே வரியைத் தன் சாவியால் ஏற்றினாள். இரண்டு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பீரோவுக்குள் சத்தம் நின்றது. போனில் தகவல் வந்தது.

'நாற்பது படகுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.'