கழுவி வந்த கேரியர்

டிபன் கேரியர் மூன்றாவது நாளாகப் பளபளவென்று கழுவி வந்ததும் சுஜிதாவுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. புருஷன் ஜஸ்டின் கழுவுகிற லட்சணம் அவளுக்குத் தெரியாதா? தண்ணீரை ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கிக் கவிழ்ப்பதோடு அவன் வேலை முடிந்தது. விளிம்பில் மஞ்சள் எண்ணெய் அப்படியே நிற்கும். இதுவோ கம்பி நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, மூன்று அடுக்கையும் ஒழுங்காக மாட்டி வந்திருக்கிறது. அடையாளத்துக்காக அவள் அடியில் வைத்திருந்த நெயில் பாலிஷ் பொட்டுகூடத் தேய்ந்து போயிருந்தது. பொம்பளைக் கை. அதிலும் அக்கறையான பொம்பளைக் கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி யார் என்பதைப் பக்கத்து வீட்டு இராமலட்சுமி, யாரும் கேட்காமலேயே வந்து சொன்னாள்.

"ஏட்டி சுஜிதா, நேத்து நாங்க ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம்லா, அங்கன உலகம்மைன்னு ஒருத்தி சாப்பாட்டுக் கடை வச்சிருக்கா. ஒன் வீட்டுக்காரரு அவ கடைக்குப் பின்னால உக்காந்து சாப்பிடுதாரு. அவ பக்கத்துல நின்னு எல போட்டு எடுத்து எடுத்து வைக்கா. தெனமும் வருவாராம். அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

"சாப்பிட்டாச் சாப்பிடட்டும், அதுக்கென்ன" என்று சுஜிதா தையல் மிஷினை மிதித்தாள். ரவிக்கைக் கை கோணலாகப் போய், மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

அதுக்கென்ன என்று வாய்தான் சொன்னது. வயிறு பற்றி எரிந்தது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவனைச் சாப்பாட்டு மேசையை விட்டு விரட்டியதே அவள்தான். வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, எவளோ கதவைத் திறந்தாள் என்று எரிந்தால் அது என்ன நியாயம்? நியாயம் பார்த்தா பொறாமை வருகிறது?

சுஜிதாவுக்கு மிக்ஸி சத்தம் ஒன்றும் செய்யாது. லாரிக்காரன் காதுக்குள் ஹார்ன் அடித்தாலும் தாங்குவாள். ஆனால் பக்கத்தில் ஒருவர் அப்பளத்தைக் கடித்தால் போதும், தாடை இறுகும், முதுகில் எறும்பு ஊரும், கையில் கிடைத்ததைத் தூக்கி எறியலாமா என்று வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கொழுப்பு, திமிர் என்று எல்லாரும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். திருநெல்வேலி டாக்டர் மட்டும் மிசோஃபோனியா என்றார். "நெருங்கின ஆளு மெல்லுற சத்தம்தாம்மா ரொம்ப உறுத்தும். நீங்க வேணும்னு செய்யல" என்றார். மாத்திரை எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஜஸ்டினோ ஊருக்கே அறிவித்துச் சாப்பிடுகிறவன். ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சுவான். முருங்கைக்காயைச் சப்பிச் சக்கையாக்கி, இலையோரத்தில் வரிசையாக அடுக்குவான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு "நல்லாருக்குட்டி" உண்டு. கல்யாணமான புதிதில் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து அவன் அக்கா குடும்பமே வந்து பந்தியில் இருந்தபோது, பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டாள்.

"மனுசன் சாப்பிடுதானா, மாடு கழனித் தண்ணி குடிக்கா?"

எல்லார் கையும் இலையிலேயே நின்றது. ஜஸ்டின் அன்றிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். சுஜிதா அழுது மன்னிப்புக் கேட்டாள். "ஒன் காது அப்படி இருந்தா நீ என்ன செய்வ?" என்று அவளைச் சமாதானப்படுத்தினான். ஆனால் கீழே இறங்கி வரவில்லை. நாலு வருஷமாகிறது. அந்த "நல்லாருக்குட்டி"யும் மாடி ஏறியதுதான், திரும்பவில்லை.

இப்போது உலகம்மைக்கு நல்ல காதாம். பக்கத்தில் நின்று பரிமாறுகிறாளாம். அவன் உறிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு அவளால் சிரிக்க முடிகிறதாம். தனக்குக் கொடுக்காத ஒன்றைக் கடவுள் எவளுக்கோ சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று சுஜிதாவுக்கு ஆத்திரமாக வந்தது.

அப்படியென்றால் தான் கட்டிக் கொடுக்கும் சோறு எங்கே போகிறது? குப்பைக்கா, குரங்குக்கா? சோதித்துவிடுவது என்று முடிவு செய்தாள். மறுநாள் புளிக்குழம்பில் வேண்டுமென்றே மூன்று கரண்டி உப்பை அள்ளிப் போட்டாள். ஒரு வாய்கூட இறங்காது. தின்றவன் வந்து கத்தியாக வேண்டும். கத்தாவிட்டால் தின்னவில்லை.

சாயங்காலம் ஜஸ்டின் வந்தான். குற்றாலத்து லாட்ஜ்களில் மோட்டார், கீசர் பழுது பார்க்கிறவன். சாரல் சீசன் என்பதால் உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கேரியர் பளபளத்தது.

"கொழம்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போய்விட்டான்.

அவ்வளவுதான். தீர்ந்தது. இந்த மனுசன் தன் சோற்றைத் தொடுவதே இல்லை. இன்றைக்குச் சோறு போனது, நாளைக்கு எது போகும்? சுஜிதா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்துக் கொடுத்தனுப்பினாள். பதினோரு மணிக்கு மிஷினை மூடிவிட்டுத் தென்காசியில் பஸ் ஏறினாள். மேலகரம் தாண்டும்போது சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் இறங்கி, ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக இருந்த கூட்டத்தோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஐந்தருவிக்குப் போனாள். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

உலகம்மை அசிங்கமாக இருப்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. அழகியாகவே இருந்து தொலைத்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், காதோரம் பிச்சிப்பூ, அடுப்புச் சூட்டில் சிவந்த கன்னம்.

"வாங்கக்கா, உக்காருங்க. சாப்பாடு பத்து நிமிசத்துல ஆயிரும்."

"பின்னால எடம் இருக்கோ?" என்று சுஜிதா எட்டிப் பார்த்தாள்.

"அங்கன வேண்டாங்கா. அருவி எரைச்சல்ல பக்கத்துல பேசுதது கேக்காது. யாரும் உக்கார மாட்டாங்க. எங்க அண்ணாச்சி ஒருத்தருதான் தெனமும் அங்கன போயிருவாரு."

எங்க அண்ணாச்சியாம். அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? தென்காசியில் கறிவேப்பிலை விற்கிறவளும் எல்லாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"ஒங்க சாப்பாடு அவருக்கு அவ்வளவு பிடிக்குமோ?"

உலகம்மை சிரித்தாள். இராமலட்சுமி சொன்ன சிரிப்பு இதுதான்போல. "நீங்க வேற! எங்கிட்ட ஒரு டீ வாங்குவாரு, அம்புட்டுத்தான். சோறெல்லாம் வீட்டுல இருந்து வரும். வீட்டுல அந்தக்காவுக்குச் சாப்பிடுத சத்தம் ஆகாதாம். அது ஒரு சீக்காம், பாவம். 'இங்கன எவ்வளவு சத்தம் போட்டாலும் அருவி முழுங்கிரும் உலகம்மை'ம்பாரு. நான் எல போட்டு எடுத்து வச்சுட்டு வந்திருவேன்."

சுஜிதா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுலயும் கேளுங்க. அவ வைக்க புளிக்கொழம்பு மாதிரி இந்தத் தென்காசியில எவளும் வைக்க முடியாதுன்னு, போகும்போது இங்கன நின்னு எங்கிட்டயே சொல்லுதாரு, சாப்பாட்டுக் கடைக்காரிகிட்ட! நேத்து பாருங்க, கொழம்பு ஒரே உப்பு. கண்ணுல தண்ணியோட இங்கன எந்திரிச்சு வந்துட்டாரு மனுசன். கொட்டிருங்க அண்ணாச்சின்னேன். 'காலையில எந்திரிச்சு அவ நின்னு சமைச்சதுல்லா'ன்னு, எங்கிட்டத் தயிர வாங்கி ஊத்தி ஊத்தித் தின்னு முடிச்சாரு. நாலஞ்சு நாளா டப்பாவ நான்தான் கழுவிக் குடுக்கேன். ஆம்பள என்னத்தக் கழுவுவாரு?"

நெஞ்சு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, இன்னும் எரிந்தது. நாலு வருஷமாகத் தன் காதுக்கு வராத "நல்லாருக்கு" எல்லாம் இவள் காதில் அல்லவா விழுந்திருக்கிறது! தன் சமையலைப் பற்றித் தன் புருஷன் சொன்னதை அடுத்தவள் வாயால் கேட்கும்படி ஆகிவிட்டதே! சோறு வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு அவள் பின்பக்கம் போனாள்.

இரைச்சல் முகத்தில் அறைந்தது. ஜஸ்டின் பக்கவாட்டில் உட்கார்ந்து முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தான். சுஜிதாவின் தாடை தானாக இறுகியது. முதுகில் எறும்பு ஊரப்போகிறது என்று காத்து நின்றாள். ஊரவில்லை. அருவியைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் மட்டும் தெரிந்தது. கண்ணைப் பாதி மூடி, தலையை லேசாக ஆட்டி ஆட்டி, கன்னம் குழிய அவன் சாப்பிடுவதை அவள் எப்போதாவது பார்த்திருக்கிறாளா? சத்தத்துக்குப் பயந்து அந்த முகத்தையே பார்க்காமல் போயிருக்கிறாள்.

ஜஸ்டின் நிமிர்ந்தான். அவளைப் பார்த்ததும் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. கையிலிருந்த முருங்கைத் துண்டை இலைக்கு அடியில் ஒளித்தான். உதட்டை இறுக்கிக்கொண்டு, திருடித் தின்று பிடிபட்டவனாக, வாயில் இருந்ததை மெள்ள மெள்ள மென்றான்.

அதைப் பார்த்ததும் சுஜிதாவுக்கு அழுகை முட்டியது. இந்த இரைச்சலிலும் தன்னைக் கண்டால் அவன் வாய் மூடிக்கொள்கிறது. இப்படிப் பழக்கி வைத்திருக்கிறாளே பாவி!

எதிரே உட்கார்ந்து, "சத்தமாச் சாப்பிடுங்க!" என்று கத்தினாள்.

அவன் காதில் கையை வைத்து, "என்னது?" என்றான். அதுவும் கேட்கவில்லை, உதடுதான் அசைந்தது.

எத்தனை தடவை கத்துவது? ஒளித்து வைத்த முருங்கைக்காயை இலைக்கு அடியிலிருந்து எடுத்து, தன் வாயில் வைத்து, கன்னம் குழியச் சப்பி இழுத்தாள். ஜஸ்டின் திகைத்துப் பார்த்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். இலையிலிருந்த சாம்பாரை வழித்து, உள்ளங்கையில் ஏந்தி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினான். அவள் முகம் சுளிக்கவில்லை என்றதும் இன்னொரு தடவை உறிஞ்சினான். அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று தெரிய அவளுக்குக் காது தேவைப்படவில்லை.

உலகம்மை டீயோடு வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, விஷயம் புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீயை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் காலி கேரியரை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

சுஜிதா எச்சில் கையோடு எழுந்து ஓடிப் போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டாள். உலகம்மைக்கு ஒன்றும் கேட்காது என்று தெரிந்திருந்தும், தொண்டை கிழியக் கத்தினாள்.

"விடுங்க! இனிமே இத நான்தான் கழுவுவேன்!"