மோதிர விரல்

...வீட்டில் யாருக்கும் இல்லை என்று டாக்டரிடம் சொன்னபோது ஜக்கம்மாளின் முகம் மாறியதா, மாறியது போலத்தான் இருந்தது, டாக்டரைப் பார்ப்பதா பெண்டாட்டியைப் பார்ப்பதா என்று தவித்ததில் கோட்டை விட்டோமே என்று, போடி பஸ் ஸ்டாண்டு நெரிசலிலிருந்து ஜீப்பை வெளியே எடுக்கும்வரை தங்கபாண்டி தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்... பக்கத்தில் அவள், பின்னால் மகள் சுஜாதா, காதில் இயர்போன். இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு மோதிர விரல் மடங்கினால் நிமிர மறுக்கிறது, மற்றக் கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று விடுகிறது, அந்த இழுப்பு அவனுக்குப் புதிதா என்ன? மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் கங்காணி திருப்பதி, பெண்கள் பறித்த காயை எடை போட்டு முடித்ததும் இதே விரலை இதே மாதிரி இழுத்துவிட்டுக்கொள்வதை, ஆள் ஏற்றிப்போன ஜீப்பில் சாய்ந்தபடி எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறான். கல்யாணமான வருஷம் ஆவணி மழையில் போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து ஒன்பது நாள் வண்டி ஓடவில்லை, காயெடுக்கப் போன ஜக்கம்மாள் மேலே எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்திலேயே தங்கிவிட்டாள், இறங்கி வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தாள், அரிசி பருப்பெல்லாம் திருப்பதியண்ணே பார்த்துக்கொண்டார் என்றாள். அண்ணே! அண்ணே என்றால் ஆயிற்றா? வைகாசியில் சுஜாதா பிறந்தாள். மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்காத நாள் உண்டா, மலைக்குப் போகுமுன் என்றாலும் சரியாக வருகிறது, மலையில் என்றாலும் சரியாக வருகிறது, அதுதான் கொடுமை.

டாக்டர் இன்றைக்கு வேறு ஒன்றைச் சொல்லித் தொலைத்தார்... "இது வேலையால மட்டும் வர்றதில்ல, வம்சத்துலயும் வரும். கை மரத்துப்போற நோயும் இதுவும் ஒரே குடும்பத்துல சேர்ந்து வரலாம். உங்க வீட்ல யாருக்காவது இருக்கா?" யாருக்கும் இல்ல சார். கேள்வி முடியுமுன்னே சொல்லிவிட்டான். அப்படி என்ன அவசரம்? இப்போது ஸ்டியரிங்கில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் செத்துக் கிடந்தன, வழக்கம்போலக் கையை வெளியே நீட்டி உதறினான், வழி விடுகிறான் என்று நினைத்துப் பின்னால் வந்த லாரிக்காரன் முந்திக்கொண்டு போனான். மலைக்குப் போகிறவர்களில் யாருக்குத்தான் கை மரக்காது, குளிர், பனி, வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடிப்பது, இதையெல்லாம் யார் நோய் என்று சொன்னது... அப்பாவும் உதறுவார், டீ கிளாஸை நழுவவிடுவார், ஏலக்காய் மூட்டை தூக்கின கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்... அப்படியானால் சுஜாதா... இல்லை, ஊரில் பாதிப் பேருக்குக் கை மரக்கிறது, இது ஒரு சாட்சியா? சாட்சி இல்லை. ஆனாலும் நெஞ்சு இளகி அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான்.

சிலமலை விலக்கில் வண்டியைத் திருப்பும்போது ஜக்கம்மாள் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து கைய உதறிக்கிட்டுத்தான் எந்திரிக்கிறீக. டாக்டரு கேக்கயில யாருக்கும் இல்லன்டீக."

"மறந்துட்டேன்."

"மறக்கல." பின்னால் மகள் இருப்பதால் குரலைத் தாழ்த்தினாள். "யாரு கைய நெனச்சுக்கிட்டு இருந்தீக?"

அவன் கியரை மாற்றினான், மாற்ற வேண்டிய இடமே இல்லை அது... இத்தனை வருஷத்தில் திருப்பதியின் பேரை அவளிடம் ஒரு தடவைகூட எடுத்ததில்லை, அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தான். அவளும் அந்தப் பேரைச் சொல்வதில்லையே, முன்பெல்லாம் வாய்க்கு வாய் திருப்பதியண்ணே என்றவள், எப்போது நிறுத்தினாள், எதற்காக நிறுத்தினாள் என்று அவனுக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றியது.