வாங்க என்று கேட்காத இடம்

எங்கள் இடத்துக்கு வருகிறவர்களை யாரும் 'வாங்க' என்று கேட்கக் கூடாது. கார் வந்து நின்றதும் நான் கைகூப்புவேன். போனை வாங்கி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். அறை எந்தப் பக்கம் என்று கையால் காட்டுவேன். கிளம்பும்போதும் அப்படித்தான். இதற்காகவே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள்.

குருவிநத்தத்தில் ஆற்றை ஒட்டிய இந்த நிலத்தில் முன்பு கரும்பு போட்டிருந்தார்கள். முதலாளி ராஜ்மோகன் கரும்பை எடுத்துவிட்டு வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டினார். முதலில் பண்ணை வீடு என்றார். டிராக்டர் சவாரி, பம்ப்செட் குளியல் எல்லாம் இருந்தது. பிறகு யோகா. பிறகு தூக்கம்; நன்றாகத் தூங்குவதற்கென்றே ஊர்விட்டு ஊர் வந்து படுத்தார்கள். இப்போது மௌனம். ஒவ்வொரு முறையும் போர்டு மாறும். மோட்டார் கொட்டகை அங்கேயேதான் இருக்கிறது.

நான் டூரிசம் படித்தவன். பாண்டியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன். போன வருடம் என் மனைவி ரோஸ்லின் இறந்துபோனாள். டெங்கு. அதன் பிறகு யாரைப் பார்த்தும் சிரிக்க முடியவில்லை. பேசத் தேவையில்லாத வேலை என்று கேள்விப்பட்டு இங்கே வந்தேன்.

சமையலுக்கு ஆள் தேடியபோது அத்தையைச் சொன்னேன். ரோசம்மாள், ரோஸ்லினின் அம்மா. பாகூரில் தனியாக இருந்தார். மகன் சார்லஸ் திருப்பூருக்கு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தான். வேலை கிடைத்ததால் அவர் போகவில்லை. எனக்கும் ரோஸ்லினுக்கும் குழந்தை இல்லை. இந்த வேலை போனால் அத்தை திருப்பூருக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்குக் காரணம் எதுவும் இருக்காது.

சாயங்காலம் வில்லியனூருக்குத் திரும்புகிற வழியில் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிடுவேன். வண்டியில் கீரை பற்றிப் பேசுவோம். காஸ் சிலிண்டர் பற்றிப் பேசுவோம். ரோஸ்லினைப் பற்றிப் பேச மாட்டோம். இறங்கியதும் அவர் உள்ளே போய்விடுவார். நான் வண்டியை எடுத்துவிடுவேன். சாவு வீட்டில் வந்தவரை வாங்க என்று கேட்பதில்லை. போகிறவரும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. அடக்கத்தன்று அவர் என் வீட்டிலிருந்து அப்படித்தான் போனார். எங்கள் இருவருக்கும் அது அப்படியே நின்றுவிட்டது.

இந்த மாதம் ராஜ்மோகன் விருந்தினர்களுக்கு வெள்ளைக் கதர் உடை கொண்டுவந்தார். மனசு அமைதியாகுமாம். அந்த நேரம் பார்த்து, சாப்பாடு பரிமாறும் ஜெயா வீட்டில் மஞ்சள் நீராட்டு. அதுவரை பின்கட்டைத் தாண்டாத அத்தை, தட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போக வேண்டியதாயிற்று.

அன்று வந்திருந்தவர் பிரியதர்ஷினி. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. தனியாக வந்திருந்தார். மத்தியானம் தட்டு அப்படியே திரும்பி வந்தது. நாங்கள் கிளம்புமுன் கொடுக்கும் ராத்திரிச் சாப்பாடும் அப்படியே. அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். வழியிலும் கீரை பற்றிப் பேசவில்லை.

மறுநாள் காலை மோட்டார் கொட்டகையில் இருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் ரேடியோ என்று நினைத்தேன். ரேடியோ இங்கே கிடையாது.

நாவல் மரத்தடியில் அத்தை மண்ணில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். முதலில் யாருக்கு என்று இல்லாமல் பொதுவாகத்தான் இருந்தது. பிறகு பேர் வந்தது. ரோஸ்லினே, ரோஸ்லினே என்று. பிரியதர்ஷினியும் அவர் தோளில் முகம் வைத்து அழுதுகொண்டிருந்தார். அழத் தெரியாதவர் மாதிரி, விக்கி விக்கி. பக்கத்து வீட்டில் தங்கியிருந்த பெங்களூர்த் தம்பதி யோகா பாயோடு வெளியே வந்து நின்றார்கள்.

ராஜ்மோகன் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. பெங்களூர்க்காரர்கள் முகம் சுளித்ததைச் சொன்னார். மௌனத்துக்கு என்று வருகிற இடத்தில் இப்படி நடந்தால் நாளைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். நாளையிலிருந்து அத்தை வரவேண்டாம் என்பதை நானே சொல்லிவிடுவது மரியாதை என்றார்.

சமையல்கட்டுக்குப் போனேன். அத்தை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வெள்ளைய கட்டிக்கினு, ஒரு வாய் சாப்புடாம குந்தியிருக்குது. வந்தப்ப நீங்ககூட வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. நான் இன்னான்னு நெனைக்கிறது மாப்ள?"

"யாரும் சாகல அத்தை. லீவுக்கு வந்திருக்காங்க."

"வூட்டுக்காரரு?"

"கல்யாணமே ஆகல."

புளிக் கையோடு அப்படியே நின்றார். "ஐயய்யோ. கட்டாத தாலிக்கு இல்ல ஒப்பாரி வச்சிட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ரோஸ்லினும் இப்படித்தான், சத்தம் வராமல், தோளால் சிரிப்பாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. பிரியதர்ஷினி. வெள்ளை உடையில் மண் ஒட்டியிருந்தது. மௌனம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் பேசினார்.

"ரோஸ்லின் யாரு?"

அத்தை என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் நான் யாரிடமும் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

"என் வொய்ஃப்," என்றேன். "இவங்க பொண்ணு."

அவர் தலையாட்டினார். பசிக்கிறது என்று மட்டும் சொன்னார். அத்தை தரையில் ஒரு தட்டு போட்டார். ரசம் இன்னும் கொதிக்கவில்லை. காலையில் மிஞ்சிய கஞ்சியும் எங்களுக்கென்று வைத்திருந்த கருவாட்டுக் குழம்பும்தான் இருந்தது. விருந்தினர்களுக்குக் கருவாடு கிடையாது, சைவம் மட்டும். பிரியதர்ஷினி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கருவாட்டு முள்ளை எடுக்கத் தெரியவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தார்.

அதை ராஜ்மோகன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகம் எனக்குத் தெரியும். போர்டு மாறப் போகிறது.

சாயங்காலம் எங்களை நிறுத்தினார். அத்தை போக வேண்டாம் என்றார். ஜப்பானில் அழுவதற்கென்றே கூட்டம் கூடுகிறார்களாம், அழுதால் மனசு லேசாகுமாம், ஊர் ஊராகப் போய் அழுகிறார்களாம். வாரம் ஒரு நாள், நாலு மணிக்கு, நாவல் மரத்தடியில் அத்தை ஒப்பாரி வைக்கட்டும். வருகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து அழட்டும்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நாலு மணிக்கு அழுவணும்னா எப்பிடி மொதலாளி? செத்தவங்க நாலு மணிக்குத்தான் நெனப்புல வருவாங்களா?"

ராஜ்மோகன் சிரித்தார். யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிக்க ஒன்றும் இல்லை, திருப்பூருக்கே போய்விடுகிறேன் என்றார் அத்தை. பிள்ளை பேரை வைத்து ஆளுங்களை அழவைக்க முடியாது. இன்னொன்றும் சொன்னார். வருகிறவரை வாங்க என்று கேட்காத இடத்தில் உலை வைக்க இன்று காலையிலிருந்து தனக்குக் கை வரவில்லை.

நான் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வருடத்தில் யாரிடமும் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை.

"அத்தை இருக்கணும் சார்," என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஒப்பாரி வேணாம். சமைக்கட்டும். கார் வந்தா கேட்டாண்ட நின்னு அவங்க வாங்கன்னு கேக்கட்டும். மௌனம் கேட்டுக்கு உள்ளதானே ஆரம்பிக்குது."

ராஜ்மோகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு நீளமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. கேட்டையும் பார்த்தார். பாரம்பரிய வரவேற்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். தட்டு, குங்குமம், கொஞ்சம் பூ. அத்தை கழுத்தில் இருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டு, தட்டெல்லாம் வேண்டாம், வாய் போதும் என்றார். ராஜ்மோகன் சரி என்றார்.

கிளம்பும்போது பிரியதர்ஷினி கேட் வரை வந்தார். வெள்ளை உடையை மாற்றிச் சாதாரணச் சுடிதாரில் இருந்தார். நாளைக்குக் கருவாடு உண்டா என்று அத்தையிடம் கேட்டார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எங்களுக்கே இல்லை என்றார் அத்தை.

பாகூர் ஏரிக்கரையில் காற்று அதிகம். அத்தை பின்னால் உட்கார்ந்து ரோஸ்லினைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் அவளுக்கும் முள் எடுக்கத் தெரியாதாம். கல்யாணம் வரைக்கும் எடுத்துக்கொடுத்தாராம். அப்புறம் யார் எடுத்துக்கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

வீட்டு வாசலில் இறங்கினார். நான் கிளட்சைப் பிடித்தேன். அவர் உள்ளே போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"சொல்லிட்டுப் போங்க மாப்ள."

என்ஜினை அணைத்தேன். தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"போயிட்டு வரேன் அத்தை."

"வாங்க," என்றார்.